கிராஃபை வரைந்தது போதும், வாசிக்கச் சொல்லுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள், பைக் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

நம் மாணவர் ஒருவர் இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறார். போன வாரம் ஃபோனில் கேட்டார்: "சார், இயக்கம் பாடத்துக்கு எனக்கு ஆறு பீரியட்தான் கிடைக்குது. சமன்பாடு, கணக்கு ரெண்டையும் முடிச்சிட்டு கிராஃபை வீட்டுப்பாடமாக் கொடுத்துடலாம்னு பார்க்கிறேன். பரீட்சைக்கு அது போதும்தானே?"

பரீட்சைக்குப் போதும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பாடத்தில் எதையாவது வீட்டுக்குத் தள்ள வேண்டும் என்றால் நான் சமன்பாட்டைத்தான் தள்ளுவேன். ஆறு பீரியடில் நான்கைக் கிராஃபுக்குக் கொடுப்பேன். அதுவும் கிராஃப் தாளைக் கையில் தொடாமல். இதைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பாவம், தலைமையாசிரியருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்திருப்பார். அவருக்குச் சொன்னதையும், அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்களில் பல பேர் வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நம் ஊரில் கிராஃப் என்றால் என்ன? கட்டம் போட்ட தாள், கூராகச் சீவிய பென்சில், வலது மூலையில் "அளவுத்திட்டம்: x அச்சு 1 செ.மீ. = 1 அலகு". அட்டவணையில் இருக்கும் எண்களைப் பார்த்துப் புள்ளி வைத்து, ஸ்கேல் வைத்து இணைத்தால் வேலை முடிந்தது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் வரைபடம் எட்டு மார்க். படிப்பே வராது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகூட அந்த எட்டை வாங்கிவிடும். நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரைந்த கோடு என்ன சொல்கிறது என்று அதே பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். எழுதத் தெரிந்து படிக்கத் தெரியாத ஒருவரைக் கற்பனை செய்ய முடிகிறதா? கிராஃபில் அப்படிப்பட்டவர்களைத்தான் வருடா வருடம் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்.

என்னிடம் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். கரும்பலகையில் எண் எதுவும் இல்லாமல் ஒரு படம் போடுவேன். கோடு சாய்வாக மேலே ஏறும், கொஞ்ச தூரம் படுக்கையாகப் போகும், பிறகு சாய்வாக இறங்கி அடி அச்சைத் தொடும். படுக்கை அச்சில் நேரம். நிற்கும் அச்சில் 'வீட்டிலிருந்து தொலைவு'. "இந்த வண்டி என்ன செய்தது, சொல்லுங்க" என்பேன். எந்த வருடம் கேட்டாலும் முதலில் எழும் கை சொல்வது ஒன்றே: "மேட்டில் ஏறுது சார், அப்புறம் சமதளத்தில் போகுது, அப்புறம் இறக்கத்தில் இறங்குது."

கோட்டைப் பாதையின் படமாகப் பார்ப்பதால் வரும் பதில் இது. உண்மையில் அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. வண்டி வீட்டைவிட்டு ஒரே வேகத்தில் விலகிப் போனது. பிறகு ஓரிடத்தில் நின்றது, டீ குடிக்கவோ பஞ்சர் ஒட்டவோ. பிறகு திரும்பி வீட்டுக்கே வந்து சேர்ந்தது. சாலை ராமநாதபுரம் மாவட்டத்துச் சாலை போலத் தட்டையாக இருந்தாலும் கோடு இப்படித்தான் வரும்.

இது எல்லோருக்கும் புரிந்த பிறகு, கோட்டைத் தொடாமல், நிற்கும் அச்சில் எழுதியதை மட்டும் அழித்து 'வேகம்' என்று எழுதுவேன். இப்போது என்ன கதை? நின்றிருந்த வண்டி கிளம்பி வேகம் கூடியது, பிறகு அதே வேகத்தில் ஓடியது, பிறகு வேகம் குறைந்து நின்றது. வீடு திரும்பவே இல்லை, எங்கோ தொலைவில் நிற்கிறது. படுக்கைக் கோடு இருக்கும் இடத்தை மட்டும் பாருங்கள். முதல் கதையில் வண்டி அசையாமல் நின்ற இடம் அது. இரண்டாவது கதையில் வண்டி அதிக வேகத்தில் போன இடம். "சார், படம் ஒண்ணுதானே சார்!" என்று பின் பெஞ்சிலிருந்து கோபமாகக் குரல் வரும். அந்தக் கோபம் வந்தால் பாடம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

நம் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இந்தத் தடுமாற்றம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் லிலியன் மெக்டெர்மட்டும் அவருடைய குழுவினரும் 1987-இல் கல்லூரி மாணவர்களிடம் இதே குழப்பங்களைப் பார்த்து எழுதினார்கள். உயரத்தையும் சாய்வையும் மாற்றிப் பிடிப்பது அவற்றில் ஒன்று. 1994-இல் ராபர்ட் பீக்னர் இயக்க வரைபடங்களுக்காகவே 21 கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை உருவாக்கினார். பாடம் நடத்தி முடித்த பிறகு எழுதியவர்களே சராசரியாகப் பாதிகூட வாங்கவில்லை. ஆக, மொழியிலோ வசதியிலோ குறை இல்லை. பாடத்தை நடத்தும் வழியில்தான் ஏதோ குறை.

பிள்ளைகளுக்கு மூளை இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆதாரம் உங்கள் வீட்டு டிவியில் இருக்கிறது. கிரிக்கெட்டில் 'வார்ம்' என்று இரண்டு கோடுகளை ஓட விடுவார்கள் இல்லையா? ஓவர் ஏற ஏற மொத்த ரன் எவ்வளவு என்பது அது. 'மன்ஹாட்டன்' என்று கட்டடங்கள் மாதிரி நிற்பது ஒவ்வொரு ஓவரிலும் எத்தனை ரன் என்பது. இயற்பியலில் தொலைவு–நேரம், வேகம்–நேரம் என்று நான் தொண்டை வறளக் கத்திய இரண்டும் இவைதான். வார்ம் செங்குத்தாக ஏறினால் அடி விழுகிறது என்று எந்தப் பையனும் சொல்வான். படுத்தால் ரன் வரவில்லை. இரண்டு வார்ம்களும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஸ்கோர் சமம், ரன் ரேட் சமமாக இருக்க வேண்டியதில்லை. மன்ஹாட்டன் கட்டடங்களை எல்லாம் கூட்டினால் மொத்த ஸ்கோர். சாய்வு, பரப்பு என்ற சொற்களே இல்லாமல் சாய்வையும் பரப்பையும் படிக்கிறான். வார்ம் ஏறுவதைப் பார்த்து "பேட்ஸ்மேன் மலை ஏறுகிறார்" என்று சொன்ன ஒருவனை நான் பார்த்ததில்லை. அதே பையன் மறுநாள் வகுப்பில் வண்டியை மலையில் ஏற்றுகிறான்! டிவியில் அவனுக்குக் கதை தெரியும், அதற்குப் பிறகுதான் கோடு வருகிறது. வகுப்பில் கோடு மட்டும் வருகிறது.

இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்வது பற்றி இன்னும் கொஞ்சம். தொலைவு–நேரம் படத்தில் வெட்டினால் இரண்டு வண்டிகளும் அந்த நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. வேகம்–நேரம் படத்தில் வெட்டினால் வேகம் மட்டும் சமம், ஒன்று மதுரையிலும் மற்றது மேலூரிலும் இருக்கலாம். ரயில்வேக்காரர்கள் இதை வைத்துத்தான் காலம் காலமாகப் பிழைப்பு நடத்துகிறார்கள். கன்ட்ரோல் ஆபீஸில் செக்‌ஷன் கன்ட்ரோலர் முன்னால் ஒரு சார்ட் இருக்கும். ஒரு பக்கம் நேரம், இன்னொரு பக்கம் வரிசையாக ஸ்டேஷன்கள். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. அந்தக் காலத்தில் பென்சிலால் கோடு இழுப்பார்கள், இப்போது கணினித் திரையில் வருகிறது. மானாமதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் தடம் போன்ற ஒற்றைப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். போகும் ரயிலின் கோடு ஏறும், வரும் ரயிலின் கோடு இறங்கும், இரண்டும் எங்காவது வெட்டியே ஆக வேண்டும். வெட்டும் புள்ளி பரமக்குடி போன்ற ஒரு ஸ்டேஷன் கோட்டின்மேல் விழுந்தால் கிராசிங். ஒரு ரயில் லூப் லைனில் ஒதுங்கி நிற்கும், நாம் ஜன்னல் வழியாக வடை வாங்குவோம். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் விழுந்தால்? அப்படி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. எங்கள் பக்கத்து வீட்டு ரயில்வேக்காரர் ஒருவர் சொல்வார்: "சார், நீங்க சாய்வுன்னு சொல்றதை நாங்க வண்டின்னு சொல்லுவோம்."

இனி பைக்.

பதினேழு, பதினெட்டு வயதில் பைக் சாவி கைக்கு வரும்போது நம் பையன்களுக்கு என்ன சொல்லித் தருகிறோம்? "பார்த்துப் போ", "ஹெல்மெட் போடு", "மெதுவாப் போ". மெதுவா என்றால் எவ்வளவு? 36-க்கும் 72-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் "டபுள்" என்பான். அது சரியான பதில்தான், ஆனால் ஆளைக் கொல்லக்கூடிய பதில்.

மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 10 மீட்டர். 72 என்றால் 20 மீட்டர். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான் இந்த எண்கள். முன்னால் ஒரு குழந்தை ஓடி வருகிறது. கண் பார்த்து, மூளைக்கு எட்டி, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பிடித்த பிறகு ஒவ்வொரு விநாடிக்கும் 5 மீட்டர்/விநாடி வீதம் வேகம் குறைகிறது என்று கொள்வோம். இப்போது வேகம்–நேரம் படத்தைக் கையாலேயே போடுங்கள், கட்டம் போட்ட தாள் வேண்டாம்.

முதல் பையன்: 10 என்ற உயரத்தில் ஒரு விநாடி படுக்கைக் கோடு. பிறகு சாய்ந்து இறங்கி இரண்டு விநாடியில் அச்சைத் தொடுகிறது. கோட்டுக்குக் கீழே இருப்பது ஒரு செவ்வகம், ஒரு முக்கோணம். செவ்வகம் 10 மீட்டர். முக்கோணமும் 10 மீட்டர். ஆக 20 மீட்டரில் வண்டி நிற்கிறது.

இரண்டாவது பையன்: 20 என்ற உயரத்தில் ஒரு விநாடி. பிறகு அதே சாய்வில் இறங்குகிறது, பிரேக் அதேதான், கோடுகள் இணையாக இருக்க வேண்டும். ஆனால் உயரத்திலிருந்து இறங்குவதால் அச்சைத் தொட நான்கு விநாடி ஆகிறது. செவ்வகம் 20 மீட்டர். முக்கோணத்தைப் பாருங்கள். உயரமும் இரட்டை, அடியும் இரட்டை, பரப்பு நான்கு மடங்கு. 40 மீட்டர். ஆக 60 மீட்டர்.

குழந்தை 20 மீட்டர் தொலைவில் இருந்தது என்றால் முதல் பையன் மயிரிழையில் நிறுத்திவிடுவான். இரண்டாவது பையன் பிரேக்கைத் தொடும் நேரத்தில் குழந்தை இருக்கும் இடத்துக்கே வந்துவிட்டான், வேகம் 72-இல் இம்மியும் குறையாமல்.

நடுவில் 54-இல், அதாவது விநாடிக்கு 15 மீட்டரில், ஒருவன் வருகிறான். இவன்தான் "நான் மிதமாத்தான் போவேன்" என்று அம்மாவிடம் சொல்பவன். பார்த்து பிரேக் பிடிப்பதற்குள் 15 மீட்டர் போய்விட்டது. மிச்சம் 5 மீட்டர். முக்கோணத்தின் உயரமான பக்கத்திலிருந்து 5 மீட்டர் பரப்பை வெட்டி எடுங்கள். எவ்வளவு மெல்லிய துண்டு வருகிறது பாருங்கள். அந்தத் துண்டுக்குள் வேகம் விநாடிக்கு 13 மீட்டர் சொச்சத்துக்குத்தான் இறங்கும். மோதும்போது மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியேதான் மோதுகிறான்.

இதையே சூத்திரத்தில் போட்டால் v² = u² + 2as. விடை வரும், மார்க்கும் வரும். ஆனால் அந்தச் சூத்திரத்தைப் பார்த்து எந்தப் பையனும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கையை எடுக்கப் போவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வரைந்த அந்தச் சின்ன முக்கோணத்தையும் பெரிய முக்கோணத்தையும் பார்த்த பையன் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பான். நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் படித்த எத்தனை பேர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன் என்று இங்கே எழுத மனம் வரவில்லை. இயக்கம் பாடத்தில் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரே படம் இது. இதைத்தான் வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறோம்.

வரலாற்றிலும் இந்த முக்கோணம்தான் முதலில் வந்தது. பதினான்காம் நூற்றாண்டிலேயே பிரான்ஸில் நிகோல் ஒரேம் என்ற பாதிரியார் நேரத்தைப் படுக்கைக் கோடாகவும், ஒவ்வொரு கணத்து வேகத்தையும் அதன்மேல் நிற்கும் கோடாகவும் வைத்து, அந்த உருவத்தின் பரப்புதான் கடந்த தொலைவு என்று காட்டிவிட்டார். 1638-இல் வந்த தன் கடைசிப் புத்தகத்தில் கலிலியோ சீராக வேகம் கூடும் பொருளைப் பற்றிப் பேசும்போதும் இதே மாதிரி முக்கோணத்தைத்தான் போடுகிறார். இன்றைக்கு நாம் எழுதும் s = ut + ½at² என்ற வடிவம் அதற்கெல்லாம் பின்னால் வந்தது. அந்த ½ வேறு எதுவும் இல்லை, முக்கோணம் செவ்வகத்தில் பாதி என்பதுதான்.

"சார், நம்ம புத்தகத்துலயே வரைபட முறையில்தானே சமன்பாட்டைத் தருவிக்கிறாங்க?" என்று அந்த ஆசிரியர் மாணவர் கேட்டார். உண்மைதான். புத்தகம் எழுதியவர்களின் நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் வகுப்பில் அது என்ன ஆகிறது? எந்தப் பக்கத்தோடு எந்தப் பக்கத்தைக் கூட்ட வேண்டும் என்று எழுத்து எழுத்தாக மனப்பாடம் ஆகிறது. நாற்கரத்தின் மூலைகளுக்குப் பெயரை மாற்றிப் போட்டுவிட்டால் பாதி வகுப்பு பேனாவைக் கீழே வைத்துவிடும். மந்திரம் சொல்பவரிடம் நடுவில் ஒரு சொல்லை மாற்றிக் கொடுத்த மாதிரி.

நீட் கோச்சிங் போகும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கக்கூடியது இன்னொன்று: "அங்கே ஒரு டேபிள் கொடுத்திருக்காங்களே, எந்தக் கிராஃபுக்குச் சாய்வு என்ன, பரப்பு என்னன்னு. அது போதாதா?" கேள்வி டேபிளின் மொழியிலேயே வந்தால் போதும். மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் கணத்தில் முடுக்கம் எவ்வளவு என்று கேளுங்கள். டேபிள் தெரிந்த பிள்ளைகளில் பல பேர் சுழி என்பார்கள், திசைவேகம் சுழிதானே என்ற எண்ணத்தில். திசைவேகம்–நேரம் படத்தை மனதில் போடத் தெரிந்த பிள்ளைக்கு இது கேள்வியே இல்லை. மேலிருந்து சாய்வாக வரும் ஒரு நேர்கோடு அச்சை வெட்டிக்கொண்டு அப்படியே கீழே போகிறது. வெட்டும் இடத்தில் வளைவும் இல்லை, முறிவும் இல்லை. சாய்வு மாறவில்லை என்றால் முடுக்கம் எப்படிச் சுழியாகும்?

சரி, நான்கு பீரியடில் என்னதான் செய்வது? பெரிய சாமான் எதுவும் வேண்டாம். வராண்டாவில் சாக்பீஸால் மீட்டருக்கு ஒரு கோடு. ஒரு பிள்ளை விநாடிக்கு ஒரு தட்டு தட்டட்டும். ஒருவன் நடக்கட்டும், நிற்கட்டும், திரும்பி வரட்டும். அவன் நடக்க நடக்கவே மற்றவர்கள் சிலேட்டிலோ தரையிலோ கோடு போட வேண்டும், நடந்து முடித்த பிறகு அல்ல. இது முக்கியம். ஹெதர் பிராசல் என்பவர் 1987-இல் உணர்கருவி வைத்துச் செய்து பார்த்த ஆய்வில், நடக்கும்போதே திரையில் கோடு வந்தால் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. அரை நிமிஷம்கூட இல்லை, 20, 30 விநாடி தாமதித்துக் காட்டினாலே அந்தப் பலன் பெருமளவு போய்விட்டது. பிறகு தலைகீழாக ஒரு விளையாட்டு: நான் கோடு போடுகிறேன், நீ நடந்து காட்டு. செங்குத்தாக ஒரு கோடு போட்டுவிட்டு "இதை நட" என்றால் முதலில் சிரிப்பார்கள், பிறகு ஏன் முடியாது என்று சண்டை போடுவார்கள். ஒரு கணத்தில் எல்லா இடத்திலும் இருக்க யாரால் முடியும், சாமியைத் தவிர.

ஃபோன் வைத்திருக்கும் வீடுகளில் ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கும் 'ஃபைஃபாக்ஸ்' செயலியைப் போட்டுக்கொள்ளலாம். ஜிபிஎஸ் வழியாக வேகத்தைக் காட்டும். டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு கோடு எழுவதையும் விழுவதையும் பேரப்பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். டிரைவர் குணம்கூடத் தெரியும்.

வினாத்தாள் தயாரிக்கும் இடத்தில் இருப்பவர்களும் இந்தப் பதிவைப் படிப்பீர்கள், இரண்டு மூன்று பேரை எனக்கே தெரியும். ஒரே ஒரு வினா வையுங்கள், ஐயா. எண் இல்லாத ஒரு கோடு, இரண்டு அச்சின் பெயர், "இந்த வண்டிக்கு என்ன நடந்தது, ஐந்து வரியில் எழுது" என்று. திருத்துவது கஷ்டம் என்பீர்கள். கஷ்டம்தான். தமிழாசிரியர்கள் கட்டுரையைத் திருத்தவில்லையா?

வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒன்று. டீக்கடை வாசலில் ஒருவன் நிற்கிறான். இன்னொருவன் சீரான வேகத்தில் அவனைக் கடந்து போகிறான். கடந்த அதே கணத்தில் நின்றவன் வண்டியைக் கிளப்பி, சீராக வேகம் கூட்டிக்கொண்டே பின்னால் போகிறான். வேகம்–நேரம் படத்தில் ஒன்று படுக்கைக் கோடு, மற்றது மூலையிலிருந்து ஏறும் சாய்கோடு. இரண்டும் பத்தாவது விநாடியில் வெட்டிக்கொள்கின்றன. பின்னால் வந்தவன் முன்னால் போனவனை எந்த விநாடியில் பிடிப்பான்? சூத்திரம் இல்லாமல், செவ்வகத்தையும் முக்கோணத்தையும் மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 'பத்து' என்று பதில் வந்தால் திட்டாதீர்கள். நிற்கும் அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று மறுபடி ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள்.